ஒயருக்கு ஒரு வக்காலத்து

போன வாரம் தோழி ஒருத்தி புதுக் கார் டெலிவரி எடுத்த போட்டோ அனுப்பியிருந்தாள். மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம், அட்டையில் செய்த பெரிய சாவி, எல்லாம் இருந்தது. கீழே ஒரு வரி: "வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்குடி, ஒயரே வேணாம்." வாழ்த்துச் சொல்லிவிட்டு, "எதுக்கும் நல்ல கேபிள் ஒண்ணு வாங்கி வண்டியில போட்டு வை" என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. பழைய காலத்து அத்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆண்ட்ராய்டு ஆட்டோ என்பது போனில் இருக்கும் மேப், பாட்டு, அழைப்பு எல்லாவற்றையும் கார் திரைக்குக் கொண்டுவரும் கூகுளின் வசதி. ஐபோனுக்கு அதே வேலையைச் செய்வது ஆப்பிளின் கார்ப்ளே. கார் திரையில் மேப் தெரியும்போது அது காருக்குள் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓடுவது போனில்தான். போன் மேப்பை வரைந்து, அதை வீடியோவாக மாற்றி, காருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாம் திரையில் விரல் வைத்தால் அந்தச் சேதி போனுக்குத் திரும்பிப் போகிறது. கார் திரை வீட்டு டிவி மாதிரி, போன் கேபிள்காரர் மாதிரி. கேபிள்காரர் மயங்கி விழுந்தால் டிவி எத்தனை இன்ச் என்பதில் அர்த்தமே இல்லை.

2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஆப்பிள் கார்ப்ளேவைக் காட்டியது. அதே வருஷம் ஜூனில் கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அறிவித்தது. இரண்டுமே புழக்கத்துக்கு வந்தது ஒயரோடுதான். வயர்லெஸ் எல்லாம் பின்னால் வந்த சமாச்சாரம். ஆண்ட்ராய்டில் 2018-ல் சில போன்களில் மட்டும் வந்தது, ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகுதான் பரவலானது. இதில் அழைப்புகளைத் தவிர மற்றதற்கெல்லாம் ப்ளூடூத் கல்யாணத் தரகர் வேலை மட்டும் பார்க்கிறது. காரையும் போனையும் அறிமுகப்படுத்தி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் மேப், பாட்டு, வீடியோ எல்லாம் வைஃபையில் போகிறது.

இப்போது மே மாதம், அக்னி நட்சத்திரம், மதியம் ரெண்டு மணி. அசோக் நகரிலிருந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம், தங்கையை அழைத்துவர. கணவர் ஓட்டுகிறார். போன் வயர்லெஸ் சார்ஜிங் தட்டில் படுத்திருக்கிறது. அந்த ஒரு போன் அப்போது என்னென்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜிபிஎஸ் பிடிக்கிறது, மொபைல் டேட்டா இழுக்கிறது, மேப் வரைகிறது, வீடியோ செய்து வைஃபையில் அனுப்புகிறது, போதாததற்கு அடியிலிருந்து தட்டு சூடேற்றுகிறது. வயர்லெஸ் சார்ஜிங்கில் கணிசமான மின்சாரம் சூடாகத்தான் போகும். ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்துங்கள் என்கிறது ஆப்பிள். நம்மூரில் மே மாதம் 35 டிகிரி என்பது காலையில் பால் வாங்கப் போகிற நேரத்து வெயில். ஆண்ட்ராய்டு போன் மட்டும் என்ன, அதுவும் அதே வெயிலில்தானே கிடக்கிறது?

ஈக்காட்டுத்தாங்கல் தாண்டியதும் திரை கறுத்தது. போனைத் தொட்டால் தோசைக்கல். ஏசி காற்றை அதன் பக்கம் திருப்பி வைத்து, "வந்துடும், வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே கத்திப்பாரா மேம்பாலத்துக்கு வந்துவிட்டோம். பதினைந்து வருஷமாக அந்தப் பாலத்தில் போகிறோம். ஆனாலும் எந்த வளைவு எங்கே இறக்கிவிடும் என்று மேப் இல்லாமல் அடித்துச் சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கத்திப்பாராவில் வழி தவறியது இல்லை என்று சொல்கிற சென்னைக்காரரை நான் நம்பவும் மாட்டேன். திரையில் மேப் திரும்பி வந்தபோது நாங்கள் நந்தம்பாக்கம் டிரேட் சென்டர் வாசலில் நின்றிருந்தோம். தங்கை முக்கால் மணி நேரம் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது வழி தவறியது அல்ல. திரை கறுத்த நிமிஷம் கணவரின் இடது கை தானாகப் போனுக்குப் போனது. பக்கத்தில் நான் இருந்ததால் கையைத் தட்டிவிட்டேன். தனியாகப் போயிருந்தால்? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவது அபாயகரமாக ஓட்டுவதில் சேர்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. போனைக் கையில் எடுக்காமல் இருக்கத்தான் இத்தனை பெரிய திரையே. நடு ரோட்டில் அது கட்டாகும்போது கை எங்கே போகிறது பாருங்கள்.

அடுத்த கதை இன்னும் மோசம்.

எங்கள் காரில் இரண்டு போனும் பதிவு. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எது முந்துகிறதோ அது ஒட்டிக்கொள்ளும். போன தை மாசம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் முன் சீட், நான் பின் சீட். கணவர் போனில் மேப் போட்டிருந்தார், ஆனால் கார் என் போனைப் பிடித்துக்கொண்டது. பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஏதோ தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. கல்யாண வீட்டில் எங்கே வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள் என நினைத்து, கணவர் ஸ்டீரிங்கில் இருக்கும் பட்டனை அழுத்திவிட்டார்.

ஆறு ஸ்பீக்கரிலும் ஒரு பெண் குரல். "வணக்கம். உங்கள் நகைக் கடனுக்கான வட்டி செலுத்த வேண்டிய தேதி..."

பதிவு செய்த குரல், அதனிடம் "அப்புறம் பேசுறேன்" என்று சொல்லவும் முடியாது. கட் செய்வதற்குள் கடன் எண்ணின் கடைசி நாலு இலக்கம் வரை படித்துவிட்டது. அப்பா எதுவும் பேசவில்லை. வண்டலூர் போனது, மறைமலைநகர் போனது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் திரும்பாமலே கேட்டார்.

"எந்த நகைம்மா?"

"ஆரம்பா."

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஆரம் அவர் பிஎஃப் பணத்தில் வாங்கியது. அன்று பந்தியில் என்ன போட்டார்கள் என்று எனக்கு நினைவே இல்லை.

ஒயர் இருந்திருந்தால் இது நடந்திருக்காதா என்று கேட்பீர்கள். கேபிளைச் செருகுகிறவர் போன்தான் திரையில் வரும், அதில் குழப்பம் கிடையாது. அழைப்பு விஷயத்தில் மட்டும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் ஒயர் போட்டிருந்தாலும் அழைப்புகள் ப்ளூடூத் வழியாகத்தான் போகும். "கேபிள் போட்டாச்சே, ப்ளூடூத் எதுக்கு ஆன் ஆகுது" என்று பலர் கேட்பது இதனால்தான். ஆனால் செருகிய போனைத்தான் கார் அழைப்புக்கும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். அதாவது ஒயர் என்றால் ஒருவர் முடிவு செய்து, கையால் செருகி, "இன்றைக்கு இந்தப் போன்" என்று சொல்கிறார். வயர்லெஸில் அந்த முடிவைக் கார் எடுக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் முதல் மாடியில் உட்கார்ந்து சித்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். கீழே கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். எனக்குச் சத்தம் போய்விட்டது, சித்தியின் சம்பந்தி சண்டை முழுவதும் கார் பார்க்கிங்கில் ஒலிபரப்பானது. வாட்ச்மேன் அண்ணன் இன்றுவரை நாகரிகமாக அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், சில வருஷம் முன்பு ஹூண்டாய், கியா கார்களில் நடு வேரியன்ட்டில் இருந்த 8 இன்ச் திரைக்கு வயர்லெஸ் வந்தது. கூடக் காசு கொடுத்து 10.25 இன்ச் வாங்கியவர்களுக்கு ஒயர்தான். "டாப் மாடல் எடுத்து ஏமாந்துட்டோம்" என்று அவர்கள் புலம்பாத நாள் இல்லை. என்னைக் கேட்டால் அவர்களுக்குத்தான் நல்லது நடந்தது, அவர்களுக்கே தெரியவில்லை.

வயர்லெஸே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மடிப்பாக்கத்துக்குக் காய் வாங்கப் போகிற பத்து நிமிஷத்துக்கு யார் கேபிளைத் தேடுவார்கள்? போன் கைப்பையில் இருக்கும், பாட்டு பாடும், போதும். ஒயருக்கும் நோய் உண்டு. தினமும் செருகிப் பிடுங்கினால் போனின் துளை தளர்ந்துபோகும். சட்டைப் பை பஞ்சு அதற்குள் அடைத்துக்கொண்டால் வண்டி குலுங்கும்போதெல்லாம் கட்டாகும். போனை ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்துப் பாருங்கள். சர்வீஸ் சென்டரில் மென்பொருள் அப்டேட் என்று கேட்கிற காசு மிச்சமாகலாம்.

ஆனால் பாதிப் பேருக்கு ஒயர் வேலை செய்யாததற்குக் காரணம் கேபிள்தான். யூஎஸ்பி கேபிளைக் குறுக்கே வெட்டினால் சாதாரணமாக நாலு ஒயர் இருக்கும், ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. சில மலிவான சார்ஜிங் கேபிளில் டேட்டா ஒயர் ரெண்டும் இருக்காது. போன் சார்ஜ் ஏறும், காருக்கு மட்டும் போன் இருப்பதே தெரியாது. ரிச்சி தெருவில் வாங்கினால் "டேட்டா போகுமா?" என்று கேட்டு, கடையிலேயே ஒரு லேப்டாப்பில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நீளம் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், கூகுளும் அதைத்தான் சொல்கிறது. பின் சீட்டிலிருந்தும் எட்டட்டும் என்று மூன்று மீட்டர் வாங்கி, அது கியர் லீவரில் சுற்றிக்கொண்ட அனுபவம் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பழைய காருக்கு ஸ்டீரியோ மாற்றப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ" வேறு, "ஆண்ட்ராய்டு ஆட்டோ" வேறு. முதலாவது டேஷ்போர்டில் பதித்த ஒரு டேப்லெட். அதற்கென்று தனி ராம், தனி ஆப், இன்டர்நெட்டுக்கு உங்கள் ஹாட்ஸ்பாட். வாங்கிய ரெண்டு வருஷத்தில் கிழடாகிவிடும். இரண்டாவது உங்கள் போனின் நீட்சி. போன் மாற்றினால் கார் திரைக்கும் புது உயிர் வரும். கொழுந்தனார் முதலாவதை இரண்டாவது என்று நினைத்து வாங்கிவந்து, வேளச்சேரி சிக்னலில் தினமும் ஹாட்ஸ்பாட் ஆன் செய்துகொண்டிருக்கிறார். எதை மாட்டினாலும் கம்பெனி ஒயரை வெட்டாமல், கப்ளர் என்கிற செருகு இணைப்பைப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வாரன்டியில் இருக்கிற வண்டியென்றால் இதில் சமரசமே வேண்டாம்.

இன்னொன்று. முதல் தடவை இணைக்கும்போது "கான்டாக்ட்ஸ் எடுத்துக்கொள்ளவா?" என்று கேட்கும், நாமும் கண்ணை மூடிக்கொண்டு ஓகே அழுத்துவோம். நாங்கள் முன்பு வாங்கிய பழைய காரில் முந்தைய உரிமையாளரின் போன் புத்தகம் அப்படியே இருந்தது. "அம்மா புது நம்பர்", "அரிசி அண்ணாச்சி", "வீட்டு ஓனர் எடுக்காதே". அதை அழிக்கும்போது யாரோ ஒருவர் வீட்டு அலமாரியைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. காரை விற்கும்போது செட்டிங்ஸில் போய் ஃபேக்டரி ரீசெட் அடித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வாடகைக் காரில் சார்ஜ் மட்டும் போதுமென்றால் யூஎஸ்பி துளையை விட்டுவிட்டு சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போடுங்கள்.

எங்கள் வண்டியில் இப்போதைய ஏற்பாடு இதுதான். யார் ஓட்டுகிறாரோ அவர் போன், ஒயரில். மற்றவர் போனில் ப்ளூடூத் ஆஃப். சார்ஜிங் தட்டில் சில்லறையும் டோல் ரசீதும் கிடக்கின்றன.

பி.கு.: ஆரம் மீட்டாச்சு. அப்பாவுக்கு போட்டோவும் அனுப்பியாச்சு. கமெண்டில் யாரும் கேட்க வேண்டாம், அவரும் இங்கே இருக்கிறார்.