கட்டானில் 6, 8 மட்டும் பார்த்து இடம் பிடிக்காதீர்கள்

கட்டான் என்ற பலகை ஆட்டத்தை ஆடி முடித்தபின் பகடையைத் திட்டாத கூட்டமே கிடையாது. "8 விழவே இல்லப்பா", "ராபர் (ஏழு விழுந்தால் நகர்ந்து வந்து ஒரு நிலத்தின் வருமானத்தை முடக்கும் காய்) என் தலையிலேயே உட்கார்ந்துட்டான்". அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முதல் பகடை உருளும் முன்பே தோற்றுவிட்ட ஆட்டங்கள் நிறைய. புதிதாக வருபவருக்கு எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் ஒரு வரி அறிவுரைதான் அதற்குக் காரணம் என்பேன்: "6, 8 பார்த்து வை, மிச்சம் தானா வரும்." வராது.

கிளாவுஸ் டொய்பர் 1995-இல் கொண்டுவந்த இந்த ஆட்டத்தில் எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். இரண்டு பகடையில் அந்த எண் 36-க்கு எத்தனை தரம் விழும் என்பதே அந்தப் புள்ளிக் கணக்கு. 6, 8-க்கு ஐந்து புள்ளி. 5, 9-க்கு நான்கு. 4, 10-க்கு மூன்று. 3, 11-க்கு இரண்டு. 2, 12-க்கு ஒன்று. பலகை முழுக்கச் சேர்த்தால் 58. ஒரு முனையைத் தொடும் மூன்று ஹெக்ஸின் (அறுகோண நிலத்தின்) புள்ளிகளைக் கூட்டி, அதிகம் வரும் இடத்தில் செட்டில்மென்ட் (தொடும் ஹெக்ஸின் எண் விழும்போது அதன் பொருள் கார்டைத் தரும் குடியிருப்பு) வைப்பது எல்லோரும் செய்வது. கூட்டுவதில் தப்பில்லை, அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு.

இப்படி வைத்துப் பாருங்கள். நாலு பேர் ஆட்டம். ஒருவர் முதல் செட்டில்மென்ட்டை ஆடு 8, மரம் 9, ஆடு 4 சேரும் முனையிலும், இரண்டாவதை மரம் 6, ஆடு 5, கோதுமை 11 முனையிலும் வைக்கிறார். மொத்தம் 23 புள்ளி. பார்க்க ராஜபோகம். இன்னொருவர் தாது 8, கோதுமை 5, ஆடு 11. பிறகு கோதுமை 10, மரம் 4, செங்கல் 3. வெறும் 19. ஒரு சுற்றுக்கு நான்கு பகடை வீச்சு என்றால் முதலாமவருக்குச் சராசரியாக 2.6 கார்டு, இரண்டாமவருக்கு 2.1. வித்தியாசம் அரைக் கார்டுகூட இல்லை.

ஆனால் முதலாமவரிடம் செங்கலும் இல்லை, தாதுவும் இல்லை. ஒரு ரோடு போட வேண்டும் என்றாலே செங்கலுக்காகப் பேங்கில் நான்கு கார்டு கொடுக்க வேண்டும். நான்கு கொடுத்து ஒன்று வாங்கினால் மூன்று கார்டு நஷ்டம். அந்த நான்கு புள்ளி லாபம் இந்த ஒரு பரிமாற்றத்தின் நஷ்டத்தை ஈடுகட்டவே ஏறக்குறைய ஏழு சுற்று ஆகும். அவருடைய முதல் சிட்டிக்கு (செட்டில்மென்ட்டை மாற்றிக் கட்டுவது, வருமானம் இரட்டிப்பு) மூன்று தாது வேண்டும். பேங்கை நம்பினால் பன்னிரண்டு கார்டு. மற்றவர்களிடம் வாங்கிக்கொள்ளலாமே என்றால், கையில் ஆடு மட்டும் இருப்பவர் தாது கேட்கும்போது மேஜையில் என்ன விலை சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே புள்ளியைக் கூட்டுவதோடு, அந்தப் புள்ளி எதைக் கட்டும் என்றும் பாருங்கள். வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பலகை முழுவதையும் பொருள் வாரியாக எண்ணுங்கள். மரம், கோதுமை, ஆடு நான்கு நான்கு ஹெக்ஸ். செங்கலும் தாதுவும் மூன்று மூன்றுதான். செங்கலின் மூன்று ஹெக்ஸிலும் 3, 11, 12 விழுந்திருந்தால் பலகை முழுவதற்கும் செங்கல் ஐந்தே புள்ளி. அப்படிப்பட்ட பலகையில் ரோடு போட்டுப் பரவுகிற திட்டம் யாருக்கும் ஓடாது. தாது, கோதுமை, ஆடு பிடித்துச் சிட்டியும் டெவலப்மென்ட் எனும் சிறப்புக் கார்டுமாகப் போகிறவருக்குத்தான் அனுகூலம். தாது வறண்ட பலகையில் இதே திட்டம் தற்கொலை. "தாது, கோதுமைதான் எப்போதும் பெஸ்ட்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களும் 6, 8 கோஷ்டிக்குச் சளைத்தவர்கள் இல்லை. கோதுமை மட்டும் விதிவிலக்கு. செட்டில்மென்ட், சிட்டி, டெவலப்மென்ட் கார்டு மூன்றுக்கும் அது வேண்டும். கோதுமையே இல்லாமல் ஆரம்பிப்பதற்கு மிக நல்ல காரணம் இருக்க வேண்டும்.

இரண்டு செட்டில்மென்ட்டையும் ஒரே எண்ணில் வைப்பதைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அதனால் சராசரி வருமானம் குறையாது. ஆனால் வருவது மொத்தமாக வரும், வராதபோது ஒன்றுமே வராது. மொத்தமாக வரும் வருமானத்தைத்தான் ஏழு காலி செய்கிறது.

அந்த ஏழைப் பற்றி: பகடையில் 7 விழுந்தால், ஏழு கார்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழப்பார். 8 கார்டு வைத்துக்கொண்டு உங்கள் முறையை முடிக்கிறீர்கள். மறுபடி நீங்கள் எதையாவது கட்டுவதற்குள் நான்கு வீச்சு இருக்கிறது: மற்ற மூவருடையதும் உங்களுடையதும். இந்த நான்கில் ஒரு ஏழாவது விழும் வாய்ப்பு 52 சதவீதம். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மோசம். விழுந்தால் நான்கு கார்டு போகும். ஏழு கார்டு இருந்தால் ஒன்றும் போகாது. ஆகவே "அடுத்த சுற்றில் சிட்டி கட்டிடலாம்" என்று சேர்த்துவைப்பதைவிட, எட்டாவது கார்டு வரும் நிலையில் ஒரு டெவலப்மென்ட் கார்டு வாங்கிக் கையைக் குறைப்பது பெரும்பாலும் சரி. (8 இருந்தாலும் 9 இருந்தாலும் போவது நான்குதான். எப்படியும் எட்டு வந்துவிட்டால் ஒன்பதாவதுக்குப் பயப்பட வேண்டாம்.)

டெவலப்மென்ட் கார்டு மொத்தம் 25. அதில் 14 நைட் (ராபரை நகர்த்தும் கார்டு), 5 விக்டரி பாயின்ட், ரோடு பில்டிங், இயர் ஆஃப் பிளென்டி, மோனோபொலி தலா இரண்டு. பாதிக்கு மேல் நைட்தான் கிடைக்கும். புதியவர்கள் செய்யும் தவறு, நைட் கிடைத்ததும் அடுத்த முறையே இறக்கிவிடுவது. லார்ஜஸ்ட் ஆர்மிக்கு (அதிக நைட் இறக்கியவருக்கான போனஸ்) யாரும் போட்டியில்லை என்றால் அதைக் கையில் வைத்திருங்கள். ராபர் உங்கள் நல்ல ஹெக்ஸுக்கு வந்த பிறகு, உங்கள் முறையில் பகடை போடுவதற்கு முன்பே நைட்டை இறக்கி அவனை விரட்டலாம். விதி இதை அனுமதிக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பகடை போட்டு 8 விழுந்த பிறகு விரட்டி என்ன பயன்?

ராபரை எங்கே வைப்பது என்பதில் கோபத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. போன முறை உங்களிடம் திருடியவர் நான்கு பாயின்டில் (பத்து எடுத்தால்தான் ஜெயம்) தத்தளித்துக்கொண்டிருப்பார். அவர் மேல் வைத்துவிட்டு, ஏழு பாயின்ட்காரரின் சிட்டியை நிம்மதியாக ஓடவிடுகிறோம்.

முதல் சிட்டியை எவ்வளவு சீக்கிரம் கட்ட முடியுமோ கட்டுங்கள், அதுவும் அதிகப் புள்ளி உள்ள முனையில். 11 புள்ளி முனையைச் சிட்டியாக்கினால் இன்னொரு 11 புள்ளி முனை கிடைத்த மாதிரி. ஆரம்ப இடங்கள் நிரம்பிய பிறகு பலகையில் காலியாக இருப்பவை பெரும்பாலும் இதைவிட மெலிந்தவை. அங்கே போக ரோடு வேறு போட வேண்டும். குறைந்தது ஒரு ரோடு, நான்கு கார்டு செட்டில்மென்ட், ஆக ஆறு கார்டு. சிட்டிக்கு ஐந்து. தவிர, ஒருவருக்கு ஐந்து செட்டில்மென்ட் காய்தான் உண்டு. அவற்றைச் சிட்டியாக்காமல் பரவிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காய் தீர்ந்து நிற்பீர்கள்.

வியாபாரத்தில், ஆட்டத்தின் முதல் பகுதியில் தாராளமாக இருங்கள். இருவருக்கும் லாபம், மற்ற இருவருக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முன் ஒரே கேள்வி: இந்தக் கார்டு கிடைத்தால் அவர் இந்த முறையிலேயே என்ன கட்டுவார்? எட்டு பாயின்டில் இருப்பவரிடம் இரண்டுக்கு ஒன்று கிடைத்தாலும் விற்க வேண்டாம். அந்த எட்டை எண்ணும்போது அவர் முன் கவிழ்த்துவைத்த கார்டுகளையும் பாருங்கள். ராபர் அவர் சிட்டியில் இரண்டு சுற்றாக உட்கார்ந்திருந்தும் ஒரு பழைய கார்டை இறக்கவில்லை என்றால் அது நைட் இல்லை; விக்டரி பாயின்ட் என்றே கணக்கில் சேருங்கள்.

லாங்கஸ்ட் ரோட்டை (மிக நீண்ட ரோட்டுக்கான இரண்டு பாயின்ட் போனஸை) ஆரம்பத்திலேயே பிடித்து ஆனந்தப்படுவது எனக்கு எப்போதும் வீண் செலவாகவே படும். எதிராளி ஒரு ரோடு கூடுதலாகப் போட்டால் உங்களுக்கு இரண்டு போய் அவருக்கு இரண்டு கூடும். அவருடைய ரோடு உங்கள் ரோட்டின் நடுவே உள்ள காலி முனைக்கு வந்து, அங்கே செட்டில்மென்ட்டும் வைத்துவிட்டால் உங்கள் ரோடு அறுந்தே போகும். எட்டு பாயின்ட் வரும்வரை எதிராளியைவிட ஒரு ரோடு பின்தங்கியே இருங்கள். கடைசி முறைக்கு இரண்டு ரோட்டுக்கான மரமும் செங்கலும், அதாவது நான்கே கார்டு, கையில் இருந்தால் போதும். நான்கு கார்டை ஏழும் தொடாது.