ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையும் கணவர் கையெழுத்தும்

காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடுவது, ஆம்பளை வேலை. பெண் பேரில் பட்டறை இருந்தால் அது பினாமிதான். கணவர் கையெழுத்து இல்லாமல் பதிவே ஆகாது."

முதலில் சூளை. அப்படி ஒன்று அந்தப் பட்டறைகளில் கிடையாது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். மேலே மணலும் சிமெண்டும் கலந்து போட்டு, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். டைல்ஸின் பளபளப்பு அடியில் இருக்கும் கண்ணாடி தருவது. நெருப்புக்கு இதில் வேலையே இல்லை. (பட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர் யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்.) டைல்ஸ் கனமானதுதான், சரி, தூக்க ஆள் வைப்பது ஆண் முதலாளியும் செய்வதுதானே?

அப்புறம் பதிவு. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. தனியாகத் தொழில் நடத்தும் பெண்ணுக்கு அவருடைய ஆதார், பான் எண்களே போதும். கட்டணம் கிடையாது, கணவர் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமும் கிடையாது. "நான் பதிந்து தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.