பச்சை வண்ணம் பூசினால் சரிவு திரும்பி வந்துவிடுமா?

நீலகிரியில், கோத்தகிரிக்கு மேலே தங்கும் விடுதி கட்டுவதற்காக வெட்டிப் போடப்பட்டிருக்கும் அந்தச் சரிவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாகப் பொறுத்திருந்தேன். படத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். கட்டுவது யார், எத்தனை அறைகள் வரப்போகின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் மதிக்கும் நண்பர் ஒருவர், "கட்டி முடித்ததும் பச்சை வண்ணம் பூசிவிடப் போகிறார்கள், தேயிலையோடு கலந்துவிடும், இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?" என்று எழுதியதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

மலையின் தோற்றம் என்று நாங்கள் சொல்வது அதன் நிறத்தை அல்ல. சரிவு எப்படி இறங்குகிறது, எந்த மடிப்பில் சோலை நிற்கிறது, எந்தப் பள்ளத்தில் நீர் கசிந்து ஓடையாகிறது, ஊர் எங்கே கூடியிருக்கிறது, எந்த நிலத்தை முன்னோர் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தோற்றம். பொக்லைன் வைத்துச் சரிவின் அடியை வெட்டிவிட்டு, அதன் மேல் எந்த வண்ணத்தைப் பூசினாலும் வெட்டியது வெட்டியதுதான்.

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹாகா என்று நாம் அழைக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் அமைக்கப்பட்டது. நீலகிரிக்கான மாஸ்டர் பிளான் 1993-ல் வந்தது. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்த விதிகள் மட்டும் இல்லாதிருந்தால் ஊட்டியும் குன்னூரும் இன்று இருப்பதைவிடப் பல மடங்கு மோசமாகியிருக்கும் என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். என் மனக்குறை வேறு. விதி ஒவ்வொரு கட்டடமாகப் பார்க்கிறது. ஒரு மனை, ஒரு வரைபடம், ஒரு சான்று என்று கோப்பு நகர்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் எல்லாமே அடக்கமான இரண்டு தளங்கள். கீழே பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் படிப்படியாக வெட்டப்பட்ட மண்ணும், அதைத் தாங்கும் கான்கிரீட் சுவர்களும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் கூரைகளும் தெரியும். ஒவ்வொன்றாக அளந்தால் எல்லாம் 7 மீட்டருக்குள் அடங்கும். சரிவுதான் அங்கே இருக்காது.

கொடைக்கானலில் விதியை மீறி எழுந்த ஏழு மாடி ஓட்டலுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். விதிகளிலிருந்து அரசு விலக்கு அளித்தும்கூட, பழனி மலைகள் பாதுகாப்புக் கவுன்சில் நீதிமன்றம் சென்றது. கூடுதல் மாடிகளை இடிக்க வேண்டும் என்பதை 1995-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஏழு மாடி எல்லோர் கண்ணிலும் பட்டது, அதனால் வழக்காட முடிந்தது. சரிவில் படியாக இறங்கும் கட்டடத்தை எந்த விதியைக் காட்டித் தடுப்பது? நிலத்தை முழுமையாகப் பார்க்க முடியாது என்பதும் உண்மையல்ல. இதே மாவட்டத்தில் சீகூர் யானை வழித்தடத்தை அரசு 2010-ல் அறிவித்தது. அந்த நிலத்திலிருந்த விடுதிகளின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதிப்படுத்தியது. அங்கே எந்த விடுதி எத்தனை மீட்டர் உயரம் என்பது கேள்வியே அல்ல. அந்த நிலம் முழுவதும் யாருடைய பாதை என்பதுதான் கேள்வி. யானைக்காக அப்படிப் பார்க்க முடியுமென்றால், ஊற்றுக்காகவும் மண்ணுக்காகவும் ஏன் பார்க்கக் கூடாது? ஒவ்வொரு சரிவுக்கும் அது எவ்வளவு தாங்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு மனு வாங்குங்கள் என்று கேட்பது பெரிய பேராசையா?

வேலைவாய்ப்பு வரும் என்கிறார்கள். வரட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதை நான் விரித்துப் பேச விரும்பவில்லை.

"தேயிலையே சோலையையும் புல்வெளியையும் அழித்து வந்ததுதானே, அதில் வாழும் நீ பேசலாமா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. ஆம், அழித்துத்தான் வந்தது. என் தாத்தா இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் கண்டிப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்தவர். தாயகம் திரும்பியோருக்காக உருவாக்கப்பட்ட டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்துக்கூடை சுமந்தார். அந்த நிலம் அதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு நாட்டு அரசுகள் தீர்மானித்த இடத்தில் வந்து இறங்கிய ஒரு கூலித் தொழிலாளியையும், காட்சிக்காகச் சரிவை விலைக்கு வாங்குகிறவரையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, அது எப்படி ஐயா நியாயமாகும்? முன்னே ஒரு தவறு நடந்திருந்தால், மிச்சமிருப்பதையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என்ன கணக்கு?

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை மண்சரிவில் இழந்தது. அந்த வாரம் தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டின் பின்சுவருக்குள் சேறு புகுந்தது. அம்மா என் தம்பியைத் தூக்கிக்கொண்டு, இருட்டில், மேட்டுப் பாதை வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். 2024 ஜூலையில் மண்சரிவில் புதைந்த வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டார். மலையில் வெட்டு விழுந்தால் தண்ணீர் வேறு வழி தேடும் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

உள்ளூர்க்காரர்கள் வீடு கட்ட முடியாமல் தவிப்பதே இந்த விதிகளால்தான் என்ற ஆட்சேபம் ஒன்று மட்டும் உண்மை. அதற்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்து மூன்று சென்ட் இடத்தில் வீடு கட்டிய பிறகு, சமையலறையை எட்டடி நீட்டுவதற்காக அம்மா இரண்டு ஆண்டுகள் அலுவலகங்களுக்கு நடந்தார். வனத்துறையின் தடையில்லாச் சான்று, வேளாண் பொறியியல் துறையின் சான்று, புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் சான்று என்று அடுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது. கோத்தகிரி பேருந்து நிலையத்தில் மழையில் நனைந்தபடி அந்தக் கோப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்ற அவரை நான் மறக்கவில்லை. அப்போதும் நாங்கள் விதியைத் திட்டவில்லை. மலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பினோம்.

அந்தச் சரிவு ஒன்பதே நாட்களில் வெட்டி முடிக்கப்பட்டது. நேற்று மாலை அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட கேட்ட மண்ணு சர்ட்டிபிகேட்ட அவங்ககிட்டயும் கேட்டிருப்பாங்கல்ல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பச்சை வண்ணம் பூசினால் போதும் என்று எழுதிய நண்பர் அவருக்குப் பதில் சொல்லட்டும்.