சீழ்த்துணியில் கிடைத்த டிஎன்ஏ

டிஎன்ஏ என்றதும் நம் ஆட்கள் நேராக 1953க்குப் போய்விடுகிறார்கள். வாட்சன், கிரிக், அவர்கள் கண்டுசொன்ன டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம். விவரமானவர்கள், எக்ஸ்ரே படத்தால் அதற்கு வழிகாட்டிய ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு உரிய பெயர் கிடைக்காத அநியாயத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். சரிதான். ஆனால் அந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் அதற்கு 84 வருஷம் முந்தியவர். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்காரர், ஃபிரெட்ரிக் மீஷர்.

மருத்துவம் படித்தவர்தான். ஆனால் சிறுவயதுக் காய்ச்சலில் காது மந்தம். நோயாளி சொல்வது சரியாகக் கேட்காமல் எப்படி வைத்தியம் பார்ப்பது? ஜெர்மனியின் டூபிங்கனுக்குப் போய், உயிர்வேதியியல் பேராசிரியர் ஹோப்பே-சைலரிடம் ஆய்வில் சேர்ந்தார். ஆய்வகம் ஒரு பழைய கோட்டைக்குள். இவருக்குக் கிடைத்த இடம் கோட்டையின் அடுப்படி.

வெள்ளையணுக்களில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவு அணுக்களுக்கு எங்கே போவது? பக்கத்து மருத்துவமனையில் புண்ணிலிருந்து அவிழ்த்துப் போட்ட கட்டுத்துணிகளை வாங்கிவந்தார். கிருமிநாசினி பரவாத காலம், சீழுக்குப் பஞ்சமில்லை. அழுகல் நாற்றம் வந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றதை உப்புக் கரைசலில் அலசி அணுக்களை எடுத்தார். பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்ற செரிமான நொதியை விட்டுப் புரதத்தைச் செரிக்கவைத்தார். மிஞ்சியது உட்கரு. அதில் கிடைத்த பொருளில் பாஸ்பரஸ் ஏராளம். எந்தப் புரதத்தோடும் ஒத்துப்போகவில்லை. நியூக்ளின் என்று பெயர் வைத்தார். இன்று நாம் டிஎன்ஏ என்பது அதைத்தான். வருஷம் 1869.

கட்டுரை வந்தது 1871இல்தான். ஹோப்பே-சைலர் சோதனைகளைத் தானே திரும்பச் செய்து பார்த்த பிறகே வெளியிட்டார். இழுத்தடித்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது. மாணவன் எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடும் கைடுகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு வேறெப்படி நினைப்பது?

அப்புறம் பாசல் திரும்பியவர், ரைன் ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனுக்கு மாறினார். அதன் விந்தணுவின் தலை முழுக்க உட்கருதான். பொருள் கெடாமலிருக்கக் குளிர் வேண்டுமே, அதனால் விடியுமுன்னே எழுந்து, கணப்பில்லாத அறையில் வேலை. 1895இல், 51 வயதில், காசநோய் கொண்டுபோனது.

1892இல் தாய்மாமனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருபது முப்பது எழுத்துகளை வைத்தே எல்லாச் சொற்களையும் எழுதுகிறோமே, அதுபோல் பெரிய மூலக்கூறுகளின் அமைப்பு மாற்றங்களே பரம்பரைப் பண்புகள் அத்தனையையும் சுமக்கலாம் என்று. யோசனை எவ்வளவு கூர்மை! ஆனால் அவர் மனத்தில் இருந்தது புரதம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனிதர். அவர் மீனிலிருந்து எடுத்த அந்த நியூக்ளின், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இன்றும் டூபிங்கனில் இருக்கிறது.