சாய்வு நாற்காலியில் ஃப்ரெடோ

'காட்ஃபாதர்' படங்களின் நடிகர்களைப் பற்றி நீளமான ஒரு கட்டுரை படித்தேன். அதில், ஃப்ரெடோவாக நடித்த ஜான் கசாலுக்கு ஒரே ஒரு வரிதானா? அதுவும் நடிகை மெரில் ஸ்ட்ரீப்பின் காதலர் என்ற அடையாளத்தோடு!

மனிதர் நடித்தது ஐந்தே முழுநீளப் படங்கள். ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றன, மூன்று வென்றன. அவருக்கு மட்டும் ஒரு பரிந்துரைகூட இல்லை. சினிமாவுக்கு வருமுன்பே நியூயார்க் மேடையில் அல் பசீனோவுடன் நடித்து ஓபி விருது (நியூயார்க்கின் சிறு நாடக அரங்குகளுக்கான விருது) வாங்கியவர்.

'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் ஃப்ரெடோ தன் தம்பி மைக்கேலிடம் (பசீனோ) குமுறும் காட்சியை மறுபடி பாருங்கள். சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறார். கோபத்தில் எழ முயல்கிறார், உடல் எழுந்தபாடில்லை. கவிழ்ந்துபோன ஆமை மாதிரி கைகால்கள் மட்டும் துடிக்கின்றன. அண்ணனாகப் பிறந்தும் ஒதுக்கப்பட்டவனின் அவமானம் முழுவதும் அந்தத் துடிப்பில் இருக்கிறது. (பசீனோ அசையாமல் இருப்பதும் சேர்ந்துதான், மறுக்கவில்லை.)

'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்தில், எந்த நாட்டுக்குத் தப்பிப் போகலாம் என்று கேட்டால் "வயோமிங்" என்று அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் ஒரு மாநிலத்தைச் சொல்வாரே, அது திரைக்கதையில் இல்லாத சொல். சிரிக்கவும் முடியவில்லை.

'தி டியர் ஹண்டர்' படப்பிடிப்பின்போதே நுரையீரல் புற்றுநோய். அவருடைய காட்சிகளை முதலில் எடுத்தார்கள். 1978 மார்ச்சில், 42 வயதில் இறந்தார். படம் டிசம்பரில்தான் வெளியானது.