அப்பாவின் இங்கிலீஷைத் தாண்டி வாருங்கள் பிள்ளைகளே

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் மேடையேறி வீட்டுக் கதை சொல்லும் ஸ்டாண்ட்-அப் காமெடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கனடாவில் ரஸ்ஸல் பீட்டர்ஸ் தன் அப்பாவின் மிரட்டலை நடித்துக் காட்டியே பெரிய பெரிய அரங்குகளை நிரப்பினார். தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த அசீஸ் அன்சாரி, தன் தொடரில் அவர்களையே அப்பா அம்மாவாக நடிக்க வைத்தார். இந்த இருவரையும் பார்த்து மேடைக்கு வந்தவர்கள் பலரும் ஒரே இடத்திலேயே நிற்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அப்பாவின் இங்கிலீஷ், அம்மாவின் டிபன் பாக்ஸ், மார்க் குறைந்தால் திட்டு. கைதட்டல் விழுகிறது, சரி. அந்த அப்பா ஏன் அப்படி ஆனார் என்று சொல்ல வேண்டாமா?

காரைக்குடியில் உட்கார்ந்து பார்க்கும்போது இது இன்னும் உறுத்துகிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்கள் பக்கம் கடல் தாண்டுவது நேற்று வந்த பழக்கமா? பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனார்கள். கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவிக்கு நிற்கும் அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி, மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர். வீட்டுப் பெண்களான ஆச்சிகள் இங்கேயே வளவை, அதாவது குடும்ப வீட்டை, கட்டிக் காத்தார்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்கள் உண்டு. அப்படி வந்த ஒருவர் வீட்டில் பஸ் டிக்கெட் காசைக்கூடத் தினமும் கணக்கு எழுதினால், அது வெறும் கஞ்சத்தனமா? இந்தப் பின்னணியோடு சொன்னால் அதே சிரிப்பு எத்தனை ஆழமாக இறங்கும்!

முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குச் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்த பெரிய ஆச்சி, யாரைப் பார்த்தாலும் கேட்பதுபோல, "எந்தக் கோயில்?" என்றார்கள். அவன் பட்டென்று, "டேங்க் ரோடு முருகன் கோயில், ஆச்சி" என்றான். ஆச்சி அசரவே இல்லை. "அதுவும் நம்மவுக கட்டுனதுதான்டா. நான் கேட்டது, இளையாத்தங்குடியா, மாத்தூரா?" ஆச்சி கேட்டது எங்கள் குலப்பிரிவைக் காட்டும் கோயிலை. யார் யாருக்குப் பங்காளி, யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. டேங்க் ரோடு கோயில் 1859-ல் செட்டியார்கள் எழுப்பியது. 'காமெடி எழுத விஷயமே இல்லை' என்று சொல்லும் பிள்ளையை அந்த முகப்பில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

அமெரிக்க காமெடியன் ஹசன் மின்ஹாஜ் மேடையில் சொன்ன சில கொடுமைகள் அவர் சொன்னபடி நடக்கவில்லை என்று 2023-ல் வெளிவந்தது. சிரிப்புக்காக ஊதிப் பெருக்கலாம். பட்ட காயத்தை இட்டுக்கட்டக் கூடாது என்பது என் கட்சி. நம்மிடம் இட்டுக்கட்டத் தேவையே இல்லை. மூன்று வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கும் அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பார்த்து, "ஆத்தா, யாரோ வந்திருக்காக" என்று பிள்ளை உள்ளே ஓடுவதை யாராவது ஒரு பெண் மேடையில் சொல்லட்டும். இந்தக் கதைகளை இதுவரை ஆண்கள்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. 1930-களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகளால் செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனதால், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த விவசாயிக்கு நம் அய்யா, அதாவது தாத்தா, எப்படித் தெரிந்திருப்பார்? அதையும் சேர்த்துச் சொல்கிற பிள்ளை காரைக்குடிக்கு வரட்டும். மண்டபம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. பெரிய ஆச்சியை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.