சுப்பராயன் வெறும் பொம்மை முதல்வரா?
சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி. சுப்பராயனின் 1926-30 ஆட்சி, பிரிட்டிஷ் ஆளுநர் கோஷன் ஆட்டிவைத்த பொம்மை ஆட்சி என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு ஏற்புடையதல்ல. தேர்தலில் அதிக இடம் பிடித்த, காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்ததால்தான் கட்சி சாராத இவரை ஆளுநர் அழைத்தார், ஆளுநர் தயவில்தான் ஆட்சி நீடித்தது, அது சரி. ஆனால் இந்தியர் ஒருவர்கூட இல்லாத பிரிட்டிஷ் ஆய்வுக்குழுவான சைமன் கமிஷன் விவகாரத்தில் இரண்டு அமைச்சர்கள் விலகியபோது உள்ளே வந்தவர் யார்? எஸ். முத்தையா முதலியார். 1928-இல் அவர் கொண்டுவந்த வகுப்புவாரி உத்தரவில் (சமூகவாரியாக அரசு வேலைகளைப் பங்கிடும் ஆணை) 12 அரசு வேலையில் 5 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 1 தாழ்த்தப்பட்டோருக்கு என்று இடம் உறுதியானது, பிராமணரல்லாதார் நலனுக்காகவே தொடங்கிய நீதிக்கட்சியின் சொந்த ஆட்சியிலேயே முழுதாக நடைமுறைக்கு வராத விஷயம் இது. மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் சுப்பராயனை "பதவிக்காகக் காங்கிரசுக்குத் தாவியவர்" என்று எழுதியிருக்கிறார், 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் இருந்தது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே, கையில் எந்தப் பதவியும் இல்லாத 1932-இல், தாழ்த்தப்பட்டோரின் ஆலய நுழைவுக்காகச் சென்னை சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவர முயன்று, வைசிராய் அனுமதி மறுத்ததால் நின்றுபோனதே, அதையும் கணக்கில் சேருங்கள் ஐயா.